நிலா உடுப்பின் தையல்

போடிநாயக்கனூரில் நான் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்த காலத்தில் எனக்கு வந்த வேலையில் பாதி ஜாக்கெட், மீதி காலுறை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போடும் காலுறை இல்லை. ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் ரத்தம் உறிஞ்சும் அட்டைக்குப் பயந்து முழங்கால்வரை மாட்டிக்கொள்ளும் துணி உறை. கெட்டிக் காடாத்துணியை வெட்டி, பாதம் வைத்துத் தைத்து, மேலே நாடா கோத்துக் கொடுப்பேன். என் வீட்டுக்காரர் அந்தப் பெண்களை ஜீப்பில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோய் இறக்குகிறவர். அதனால் அளவும் அவர் மூலம் வரும், புகாரும் அவர் மூலமே வரும்.

புகார் எப்போதும் ஒன்றுதான். துணி நன்றாக இருக்கிறது, தையல் வழியாக அட்டை நுழைகிறது. மழைக்காலத்து அட்டை நூல் மாதிரி இருக்கும். துணி நனைந்து ஊறிவிட்டால், ஊசி போன துளை கொஞ்சம் இளகும். அட்டைக்கு அது போதும். ஒருநாள் ஒரு பெண் வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்து உறையைக் கழற்றிக் காட்டினாள். கெண்டைக்காலின் பின்பக்கம், நான் தையல் போட்ட கோட்டை ஒட்டியே, வரிசையாக ரத்தப் புள்ளிகள். என் மெஷின் ஓடிய பாதையை அவள் காலில் வரைந்து காட்டியது போல இருந்தது. அவள் கோபப்படவில்லை.

"ஒன்னையக் கொறை சொல்லலத்தா. அது எந்தச் சந்துலயும் வந்துரும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரட்டைத் தையல் போட்டுப் பார்த்தேன். துளை இரண்டு மடங்கானதுதான் மிச்சம். மெழுகு தேய்த்த நூலில் தைத்துப் பார்த்தேன். இரண்டு மழைக்கு நின்றது, மூன்றாவது மழையில் போய்விட்டது.

நான் துணி வாங்குவது கடைவீதியில் ஒரு பாய் கடையில். அவர் தினமும் செய்தித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் துணியை அளந்து கிழிப்பார். எழுபதுகளின் நடுவில், ஒரு காலை, காடாத்துணி எடுக்கப் போனபோது அவர் சொன்னார்:

"தங்கச்சி, மதுரையில ஒரு கண்காட்சி போட்டுருக்கான். ராக்கெட்டு, நிலாவுக்குப் போனது, எல்லாம். நிலாவுல நடந்தவன் போட்டிருந்த சட்டை மாதிரியே ஒண்ணு வச்சிருக்கானாம். நான் வெள்ளிக்கெழம போயிப் பாத்துட்டு வந்தேன்."

"சட்டையா, பாய்?"

"சட்டை, காலுசட்டை, பூட்சு எல்லாம் ஒண்ணா. உள்ள காத்து அடைச்சு வச்சிருக்குமாம். ஒரு பொட்டுக் காத்து வெளிய போனாலும் ஆளு காலி."

நான் துணியை வாங்காமல் அப்படியே நின்றேன். காற்றே வெளியே போகாமல் ஒருவர் தைத்திருக்கிறார் என்றால், அட்டை எம்மாத்திரம்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசாதவர். "எனக்கு ஞாயித்துக்கெழம சோலி இல்ல. வெரசா கெளம்புனா காலை ரயிலப் பிடிச்சிரலாம்," என்றார். அவ்வளவுதான். எதற்கு, ஏன் என்று கேட்கவே இல்லை.

போடியிலிருந்து மதுரைக்குப் போகும் ரயில் அந்தக் காலத்தில் கரிப்புகை விட்டுக்கொண்டு நிதானமாகப் போகும். தேனியும் ஆண்டிபட்டியும் தாண்டும்வரை நான் என் சேலையில் விழுந்த கரித்தூளைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அவர் தூங்கிவிட்டார். மலை ரோட்டில் ஜீப்பு ஓட்டுகிறவருக்கு வேறு யாராவது வண்டி ஓட்டினால் உடனே தூக்கம் வந்துவிடும்.

கண்காட்சி ஒரு பெரிய மண்டபத்தில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் ஆள் உயர ராக்கெட்டு பொம்மைகள். சுவரெல்லாம் படங்கள். பூமி ஒரு நீலக் கோலிக்குண்டு மாதிரி கறுப்பில் தொங்கும் படத்துக்கு முன்னால் கூட்டம் நகராமல் நின்றது. கண்ணாடிக் குடம் கவிழ்த்தது போன்ற தொப்பிக்குள் சிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் படமும் இருந்தது. வானத்துக்குப் பொம்பளையும் போயிருக்கிறாள் என்று அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். ஆனால் என் கண் தேடியது வேறு.

மண்டபத்தின் கோடியில், கயிறு கட்டிய மேடைமேல், அது நின்றது. வெள்ளை வெளேரென்று, ஆள் இல்லாமலே ஆள் மாதிரி. பக்கத்தில் ஒரு பெரியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் குச்சியோடு விளக்கிக்கொண்டிருந்தார். ஏதோ கல்லூரியில் பாடம் சொல்கிறவர் போல. நிலாவில் காற்று இல்லை, வெயில் பட்ட பக்கம் கொதிக்கும், நிழல் பட்ட பக்கம் உறையும், இந்த உடுப்புதான் அந்த மனிதருக்கு வீடு, என்று அழகான தமிழில் சொன்னார். கூட்டம் வாய் பிளந்து கேட்டது.

நான் கயிற்றை ஒட்டிக் குனிந்து முழங்கால் பக்கம் பார்த்தேன். அங்கேதான் மடிப்பு மடிப்பாக இருந்தது. காலை மடக்கினால் துணி பிதுங்காமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்ததும் புரிந்தது. ஜாக்கெட்டின் அக்குளில் நானும் ஒரு துண்டு கூடுதலாக வைப்பேன், கையைத் தூக்கினால் இழுக்காமல் இருக்க. இங்கே அதையே நூறு மடங்கு யோசித்துச் செய்திருந்தார்கள். ஆனால் தையல் மட்டும் கண்ணில் படவில்லை. மேல் துணி எல்லாவற்றையும் மூடியிருந்தது.

பெரியவர் பேசி முடித்ததும், "யாராவது கேள்வி கேக்கலாம்," என்றார். ஒருவர் நிலாவில் தண்ணீர் உண்டா என்று கேட்டார். இன்னொருவர் ராக்கெட்டுக்கு எவ்வளவு வேகம் என்று கேட்டார். என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"அய்யா, இதத் தச்சது யாரு?"

பின்னால் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். என் காது சூடானது. வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

பெரியவர் சிரிக்கவில்லை. குச்சியைக் கீழே வைத்துவிட்டு அந்த உடுப்பை, அன்றுதான் முதல்முறை பார்ப்பது போல, மேலிருந்து கீழே பார்த்தார்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார். "இத்தன நாளா இத வெளக்குறேன். இந்தக் கேள்விய நான் கேட்டுக்கிட்டதே இல்ல. நீங்க தையல் தெரிஞ்சவங்களா?"

"ஆமாங்க. ஓட்டையில்லாம எப்பிடித் தச்சாங்கன்னு தெரியணும்."

அட்டை, காலுறை எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தவர்களும் நின்று கேட்டார்கள். அவர் ஒரு காகிதத்தை எடுத்து என் விலாசத்தை எழுதிக்கொண்டார். "கேட்டு எழுதுறேன்," என்றார். எல்லோருக்கும் முன்னால் தெரியாது என்று சொன்ன அந்தப் படித்த மனிதர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

அவர் எழுதுவார் என்று நான் நம்பவில்லை. காய் எடுப்பு முடிந்து வெயில் காலம் வந்துவிட்டது. அப்போதுதான் ஒரு கடிதம் வந்தது, நாலு பக்கம், குண்டு குண்டான கையெழுத்தில். எங்கெங்கோ எழுதிக் கேட்டு, வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைத் தேடிப் படித்து எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைப் பாய் கடையில் வைத்துத்தான் படித்தேன். பாயும் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அந்த உடுப்பைத் தைத்தவர்கள் பெண்கள். அதற்கு முன் உள்ளாடை தைத்துப் பிழைத்தவர்கள். சாதாரணத் தையல் மெஷினில்தான் தைத்தார்கள். ஆனால் மெஷினை ஓடவிடாமல், சில இடங்களில் ஒவ்வொரு தையலாக நிறுத்தி நிறுத்தி எடுத்தார்கள். மயிரிழை விலகினாலும் பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்கவேண்டும். ஒரு குண்டூசி உள்ளே தங்கிவிட்டால் மேலே போகிறவரின் உயிர் போகும் என்பதால், எலும்பு முறிந்தவர்களுக்கு எடுப்பது போல உடுப்பையே படம் எடுத்துப் பார்த்தார்களாம். அப்புறம் முக்கியமான விஷயம். தையலை மட்டும் நம்பவில்லை. உள்ளே ரப்பர் அடுக்கு. தையல் ஓடிய இடத்தின்மேல் பட்டை வைத்து ஒட்டி, துளையை மூடினார்கள்.

பாய் துணி மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "பாத்தியா தங்கச்சி. மேல போனவன் பேரு ஒலகத்துக்கே தெரியும். இந்தப் பொம்பளைக பேரு அவுக வீட்டுக்குத்தான் தெரியும்."

"அவுக அதப் பத்தி யோசிச்சிருக்க மாட்டாக, பாய். தையல் நிக்குதா நிக்கலையான்னுதான் இருந்திருப்பாக," என்றேன். அவர்களை எனக்குத் தெரியும் என்பது போலவே சொன்னேன். எனக்கு அப்படித்தான் இருந்தது. எந்த ஊர், எந்த பாஷை என்று தெரியாத அந்தப் பெண்கள், மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஊசிக்குப் பக்கத்தில் விரலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தையல் எடுப்பதை நான் பார்க்கமுடிந்தது.

அன்றே சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் சொல்யூசனும் பழைய ட்யூப்பும் வாங்கினேன். ட்யூப்பை விரல் அகலத்துக்குப் பட்டையாக வெட்டி, உறையின் உள்பக்கம் தையல்மேல் ஒட்டினேன். அடுத்த மழைக்கு ஒரு சோடியைக் கொடுத்து அனுப்பினேன். அட்டை ஏறவில்லை. ஆனால் ரப்பர் ஓரம் நாளெல்லாம் உரசி அந்தப் பெண்ணின் கால் தோல் வழன்றுவிட்டது. "அட்டையே தேவலத்தா," என்று கொண்டுவந்து வைத்தாள்.

பட்டையை வெளிப்பக்கம் ஒட்டினேன். கல்லில் உரசிப் பிய்ந்தது. பிறகு பட்டையின்மேல் இன்னொரு துணியை வைத்து, தையல் பழைய துளைமேல் விழாமல், ரப்பருக்குள்ளேயே தள்ளித் தைத்தேன்; ஊசி போன துளையை ரப்பரே இறுக்கி மூடிக்கொண்டது. பெடலை மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் உருட்டி, ஒவ்வொன்றாக. ஒரு சோடி முடிக்க ஒரு நாள் ஆனது. வீட்டுக்காரர் ஒருநாள் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்றபடியே சொன்னார்: "வேல முடிஞ்சவுகளக் குரங்கணியில எறக்கிவிட்டுட்டு வர்றேன். கால் சுத்தமா இருக்கு. இன்னும் பத்துச் சோடி கேக்குறாக."

அதற்குமேல் நான் நூறு சோடிக்கு மேல் தைத்திருப்பேன். பின்னாளில் கடைகளில் ரப்பர் பூட்சு வந்தது, எல்லோரும் அதற்குப் போனார்கள், அது நல்லதுதான். எனக்குக் கைவலி குறைந்தது.

எண்பதுகளின் பிற்பாதியில் இன்னொரு முறை அப்படி ஒரு இடத்துக்குப் போகக் கிடைத்தது. வீட்டுக்காரர் ஜீப்பு ஓட்டும் தோட்டத்து முதலாளி அம்மாவுக்குக் கண் ஆபரேசன். திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போகவேண்டும். துணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். ஆபரேசன் முடிந்து, இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டு அந்த அம்மாவைப் படுக்க வைத்திருந்தார்கள். மறுநாள் காலை அவர் சொன்னார்:

"நீங்க ரெண்டு பேரும் இங்க குத்தவச்சு என்ன செய்யப் போறீக? கடலப் பாத்துட்டு வாங்க. எனக்குத் தொணைக்கு என் தங்கச்சி மக இருக்கா. வந்து என்ன பாத்தோம்னு எனக்குச் சொல்லணும்."

தும்பா கடற்கரையில் ராக்கெட்டு விடுகிறார்கள், அங்கே ஒரு பழைய மாதாகோயிலையே காட்சிக்கூடமாக ஆக்கியிருக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரி வாட்ச்மேன் சொல்லியிருந்தார். போனோம். வாசலில் விசாரித்து, பேர் எழுதிவிட்டு உள்ளே விட்டார்கள்.

வெள்ளையடித்த கோயில், மேலே சிலுவை, சுற்றிலும் தென்னை. உள்ளே ஜெபம் செய்யும் இடத்தில் ராக்கெட்டுகள் நின்றன. நான் மதுரையில் பார்த்தவை பொம்மைகள். இங்கே நிஜமாகவே மேலே போனவற்றின் கூடப்பிறந்தவை. ஒல்லியாக, பனைமரத் துண்டு மாதிரி ஒன்று. வீட்டுக்காரர் அதன் அடிப்பக்கம் உட்கார்ந்து, புகை வரும் குழாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சுவரில் ஒரு படம். ராக்கெட்டின் மூக்குப் பகுதியை சைக்கிள் கேரியரில் வைத்து ஒருவர் தள்ளிக்கொண்டு போகிறார். அதைப் பார்த்ததும் வீட்டுக்காரர் அன்று முதல்முறையாகப் பேசினார்.

"இந்தா பாரு. ஏலக்கா மூட்டை மாதிரி கட்டியிருக்கான். கட்டு ஒழுங்கா இருக்கு."

அங்கே பெருக்கித் துடைத்து, வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மா இருந்தாள். என் வயதுதான் இருக்கும். நாங்கள் போடி என்று சொன்னதும், எஸ்டேட்டில் அவளுக்குச் சொந்தம் இருப்பதாகச் சொல்லி, மலையாளமும் தமிழுமாகப் பேச ஆரம்பித்தாள். தோட்டத்து ஆட்களோடு பழகிய எனக்கு அது புரியாத பாஷை இல்லை.

"இது ஞங்ஙளோட பள்ளியாக்கும், சேச்சி," என்றாள். பள்ளி என்றால் அவர்கள் பாஷையில் கோயில். "என்றெ அம்மைக்குக் கல்யாணம் நடந்தது இவிடெ. சாயன்ஸ்காரங்க வந்து ஸ்தலம் கேட்டப்ப, பிஷப்பு எங்க எல்லாரையும் ஞாயிற்றுக்கிழமை பூசையில வச்சுக் கேட்டாரு. கொடுக்கலாமான்னு. எல்லாரும் ஆமேன் சொன்னோம். வீடும் மாறிப் போனோம்."

"வருத்தமா இல்லையா?" என்று கேட்டேன்.

"அம்மை கரஞ்சு. அழுதாங்க. பின்னெ முதல் ராக்கெட்டு போனப்ப, அவங்கதான் கடற்கரைக்கு முதல்ல ஓடினது."

நான் தையல்காரி என்று தெரிந்ததும் அவள் முகம் மாறியது. சுவர் ஓரத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த ஒரு துணிப் பொதியைக் காட்டக் கூட்டிப் போனாள். ஆரஞ்சும் வெள்ளையுமான பாராசூட். ராக்கெட்டோடு மேலே போகும் கருவி உடையாமல் கடலில் இறங்க அது திறக்கவேண்டும்.

"ஞான் இதுலதான் ஜோலி பாத்தேன். மடிக்கிற ஜோலி. தோளில வேதனை வந்து இங்க மாத்திட்டாங்க."

"மடிக்கிறதா? அது ஒரு வேலையா?"

அவள் சிரித்தாள். என் வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டைக் கேட்டு வாங்கினாள். தரையில் விரித்து, நடுவில் கிள்ளிப் பிடித்து, இடமும் வலமுமாக ஒரே அகலத்தில் மடித்துக்கொண்டே போனாள். நான் கொசுவம் வைப்பதைவிட வேகம். ஒவ்வொரு மடிப்புக்கும் உள்ளங்கையால் ஒரு அழுத்து. பிறகு கீழிருந்து மேலே பாம்பு போல வளைத்து அடுக்கினாள். முடித்தபோது அந்தப் பெரிய துண்டு அவள் ஒரு கைக்குள் அடங்கிவிட்டது.

"பிடிச்சு வலிக்கு, சேட்டா," என்று இழுக்கச் சொல்லி நுனியை அவரிடம் கொடுத்தாள்.

அவர் இழுத்தார். துண்டு எங்கும் சிக்காமல், ஒரு மடிப்பின் பின் ஒரு மடிப்பாக, தண்ணீர் ஒழுகுவது போல வெளியே வந்து விரிந்தது. அவர் துண்டை அவளிடமே திருப்பிக் கொடுத்து, "இன்னொரு வாட்டி செய்யுங்கம்மா," என்றார். அவள் இன்னொரு முறை செய்தாள். மூன்றாவது முறை என்னைச் செய்யச் சொன்னாள். நான் மடித்தது பாதியில் முடிச்சிட்டு நின்றுவிட்டது.

"மேல இப்படி நின்னா போச்சு," என்றாள். "வருஷக்கணக்கா எத்தனையோ பேரு பண்ணின பணி, எல்லாம் கடலுக்கு அடியில. அதுனால மடிக்கிறப்ப ஆரும் என்னோடு பேசமாட்டாங்க. பெரிய ஆபீசர் வந்தாலும் வாசல்ல நிப்பாரு, முடியற வரைக்கும்."

அதை அவள் பெருமையாகச் சொல்லவில்லை, நேரம் சொல்வது போலச் சொன்னாள். எனக்குத்தான் மார்பு விம்மியது. படித்த ஆபீசர் வாசலில் காத்திருக்க, உள்ளே தரையில் உட்கார்ந்து ஒரு மீனவர் வீட்டுப் பெண் துணி மடிக்கிறாள். அந்த இடத்தில் யார் பெரியவர் என்று யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

அன்று ஒரு சின்ன ராக்கெட்டு போவதாக இருந்தது. வாரத்தில் ஒருநாள், மேல் காற்றை அளக்க விடுவார்களாம். "நின்னு பாத்துட்டுப் போங்க," என்று அவளே எங்களை வெளியே, ரோட்டோரம் ஜனங்கள் நிற்கும் இடத்தைக் காட்டி அனுப்பிவிட்டு, பின்னாலேயே தானும் வந்தாள். படகுகள் எல்லாம் கரையில் ஏறியிருந்தன. சங்கு ஊதியது. தென்னைகளுக்கு அப்பால் ஒரு வெளிச்சம் எழும்பியது. நான் ‘அதோ’ என்று சொல்வதற்குள் அது மேகத்துக்குள் போய்விட்டது. அதன் பிறகுதான் சத்தம் வந்து எங்கள் நெஞ்சில் மோதியது. ஒரு வெள்ளைக் கோடு மட்டும் வானத்தில் நின்று, காற்றில் மெல்ல நெளிந்தது.

எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா மட்டும் கடலைப் பார்த்தபடி உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். எதற்கு எண்ணுகிறாள் என்று கேட்க நினைத்தேன். பெரிய ஆபீசரே வாசலில் நின்றாராம், நான் எம்மாத்திரம் என்று சும்மா இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே எங்கள் பக்கம் திரும்பி, "துறந்திருக்கும்," என்றாள். பாராசூட் திறந்திருக்கும் என்று அர்த்தம். பிறகு வேலை இருக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். முதலாளி அம்மா கண்கட்டோடு படுத்தபடி எங்கள் காலடிச் சத்தத்தைக் கேட்டே, "வந்துட்டீகளா? ராக்கெட்டப் பாத்தீகளா? என்ன நெறத்துல போச்சு, சொல்லுங்க," என்றார்.

"வெள்ளை," என்றேன் நான்.

"செவப்பு," என்றார் வீட்டுக்காரர். "அடியில பூராம் செவப்பு."

"நீங்க அடிய மட்டும் பாத்தீக. மேல வெள்ளை."

"போறப்ப அடிதான தெரியும்?"

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மாலைவரை இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. முதலாளி அம்மா சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். நர்சு உள்ளே வந்து, சிரிக்கக் கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று அவரைக் கண்டித்துவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் வராந்தாவுக்கு அனுப்பினாள்.